மணிக்கு 44 ரூபாய்: அம்மாப்பேட்டையில் ஒரு என்எஃப்டி விளையாட்டின் கணக்கு

2021 செப்டம்பர் இரண்டாவது வாரம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். லாக்டவுன் தளர்ந்து கடையைத் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சேலம் அம்மாப்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன கேம் கடை இருக்கிறது. மூன்று பிளேஸ்டேஷன், இரண்டு கம்ப்யூட்டர், மணிக்கு 50 ரூபாய். பத்து வயதிலிருந்து அங்கே வந்துகொண்டிருந்த ஒரு பையன், இனி தம்பி என்றே சொல்கிறேன், அன்றைக்கு விளையாட வரவில்லை, போனைக் காட்ட வந்தான். திரையில் மூன்று குட்டிப் பிராணிகள். ஒன்றுக்கு மீன் வால், ஒன்றுக்கு முதுகில் செடி, இன்னொன்றுக்கு நெற்றியில் கொம்பு. "அண்ணா, இது மூணையும் வாங்கிட்டா என் பேர்லயே வந்துரும். தினம் நாலு மணி நேரம் சண்டை போட்டா முந்நூத்தம்பது ரூபா நிக்கும். நம்ம ஊர்ல விளையாடி எவனாச்சும் சம்பாரிச்சிருக்கானா?" என்றான்.

மூன்றுக்கும் சேர்த்து 48,000 ரூபாய். அதில் 10,000 நான் கொடுத்தேன். கடனாகத்தான், வட்டி இல்லாமல். அதனால் இந்த நிகழ்வை எழுதும்போது வெளியே நின்று பார்த்த ஆளாக நான் எழுத முடியாது. அவனிடமும் அவன் வீட்டிலும் கேட்டுவிட்டு, அவன் வைத்திருந்த நோட்டையும் போன் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்த விளையாட்டின் பெயரை எழுதவில்லை. அதில் பிராணி ஒவ்வொன்றும் ஒரு என்எஃப்டி, அதாவது இன்னாருக்குச் சொந்தம் என்று இணையத்தில் பதிவாகும் டிஜிட்டல் ரசீது. அப்போது புகழ்பெற்றிருந்த ஆக்சி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த எத்தனையோ விளையாட்டுகளில் அதுவும் ஒன்று.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பியின் அப்பா பட்டு நெசவு, கூலிக்கு நெய்பவர். அம்மா தெருவில் ஒரு சீட்டு போட்டிருந்தார், 25,000 ரூபாய்ச் சீட்டு. அதை 5,000 தள்ளி 20,000 எடுத்தார். தோட்டைச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அடகுக் கடையில் வைத்ததில் 18,000. மீதி நான் கொடுத்த 10,000. பையன் அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு, ஆன்லைன் வகுப்பு, வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்க மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அந்த நேரத்தில் "உன் விளையாட்டுக்குச் சம்பளம்" என்று யாராவது சொன்னால் காது கொடுக்காமல் இருக்க முடியுமா? நானும்தான் கொடுத்தேன். பதினொரு வருடமாக "கேம் கடை வச்சுப் பசங்களைக் கெடுக்கறான்" என்ற பேச்சைக் கேட்டவன் நான். விளையாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் வரும் என்று ஒருவன் சொன்னதும் எனக்குள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கேள்வி கேட்க விடவில்லை.

நோட்டில் இருப்பது

தம்பி கணக்கை ஒழுங்காக எழுதிவந்தான், அதற்காக அவனைப் பாராட்ட வேண்டும். முதல் வாரம் ஒரு நாளைக்குச் சராசரி 120 டோக்கன், ஜெயித்தால் விளையாட்டு கொடுக்கும் டிஜிட்டல் காசு அது, விற்று ரூபாயாக்கலாம். டோக்கன் ஒன்று மூன்று ரூபாய். அதாவது நாளுக்கு 360. வாரக் கடைசியில் அப்பாவிடம் நோட்டைக் காட்டியிருக்கிறான், அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு மறுபடி தறியில் இறங்கியிருக்கிறார். முதல் மாதம் கையில் வந்தது 9,200 ரூபாய். டோக்கன் விலை அந்த மாதத்துக்குள்ளேயே இறங்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் 9,200 என்பது கையில் வந்த பணம், அதனால் யாருக்கும் இறக்கம் கண்ணில் படவில்லை.

அக்டோபரில் டோக்கன் ஒன்றரை ரூபாய்க்கும் கீழே. அந்த மாதம் 4,800. அதே மாதம் "இனப்பெருக்கம்" செய்து புதுப் பிராணி ஒன்றை உண்டாக்கி விற்றால் விட்டதைப் பிடிக்கலாம் என்று 6,000 ரூபாயைத் திரும்ப உள்ளே போட்டான். நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் டோக்கன் அறுபது பைசா. அந்த மாதம் 1,900. ஜனவரியில் நிறுவனம் தினசரி டோக்கன் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்தது, விலை முப்பது பைசா, ஒரு நாள் உழைப்புக்குப் பதினைந்து ரூபாய். அதை வெளியே எடுக்கக் கட்டணம் அதைவிட அதிகம். பிப்ரவரியில் நான்கு பிராணிகளையும் சேர்த்து 1,100 ரூபாய்க்கு விற்றான், வாங்கவும் ஒருவன் இருந்திருக்கிறான். மார்ச்சில் "பராமரிப்புப் பணி" என்று ஒரு அறிவிப்பு. அதற்கப்புறம் சர்வர் எழவேயில்லை.

போட்டது 54,000. எடுத்தது 17,000. போனது 37,000. சீட்டில் தள்ளிய 5,000, தோட்டுக்குக் கட்டிய வட்டி இரண்டும் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த எண்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. முதல் தொண்ணூறு நாளில் அவன் விளையாடியது சுமார் 360 மணி நேரம், கைக்கு வந்தது 15,900. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 44 ரூபாய். போட்ட முதலை மறந்துவிட்டுப் பார்த்தால்கூட, நல்லா ஓடிய காலத்தையும் சேர்த்து, மணிக்கு 44. என் கடையில் சும்மா சந்தோஷத்துக்கு விளையாட மணிக்கு 50 கொடுப்பார்கள். அந்த 360 மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது பிடித்து விளையாடினாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "முதல் நாள் நல்லா இருந்துச்சுண்ணா. அப்புறம் கணக்கு முடிக்கணும்னுதான் ஆடினேன்" என்றான்.

அந்தப் பதிலை இந்த ஆய்வின் நடுவில் வைக்கிறேன். உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் என்எஃப்டிக்கு எதிராகக் கத்தியதன் சாரம் அதில் இருக்கிறது. விளையாட்டு வேலையாக மாறியது, அதுவும் கூலி கட்டாத வேலையாக.

தறிக்காரர் கேட்ட கேள்வி

இந்த மாதிரி விளையாட்டு எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்ல ஆக்சியின் கதையே போதும், ஏனென்றால் அது எல்லாருக்கும் தெரிந்து நடந்தது. வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் 2018இல் அதை ஆரம்பித்தது. விளையாட மூன்று ஆக்சிகள் வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு என்எஃப்டி. ஜெயித்தால் எஸ்எல்பி என்ற டோக்கன். அந்த எஸ்எல்பிக்கு உள்ளே இருந்த பெரிய உபயோகம் ஒன்றே ஒன்று, புது ஆக்சிகளைப் பெருக்குவது. புது ஆக்சி யாருக்கு வேண்டும்? புதிதாகச் சேர வருகிறவனுக்கு. ஆக, டோக்கனுக்கு விலை நிற்க வேண்டுமென்றால் நாளைக்கு இன்றைவிட அதிகம் பேர் சேர வேண்டும், நாளன்றைக்கு அதைவிட அதிகம். 2021 ஜூலையில் 30 சென்ட்டுக்கு மேல் போன எஸ்எல்பி, 2022 பிப்ரவரியில் ஒரு சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. அப்போது நிறுவனமே சாகச ஆட்டத்துக்கும் தினசரி வேலைகளுக்கும் கொடுத்துவந்த எஸ்எல்பியை நிறுத்தியது.

ஆக்சி வாங்கக் காசில்லாதவர்களுக்கு "ஸ்காலர்ஷிப்" என்று ஒரு ஏற்பாடு இருந்தது. மேனேஜர் என்பவர் ஆக்சிகளை வைத்திருப்பார், ஸ்காலர் என்பவர் அவற்றை வைத்து விளையாடுவார், வரும் டோக்கனைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிலிப்பைன்ஸில் கொரோனா காலத்தில் வேலை இழந்த ஏராளமான பேர் இப்படித்தான் இதில் சேர்ந்தார்கள். பங்கு எவ்வளவு என்பது மேனேஜருக்கு மேனேஜர் மாறும். கில்டு என்ற பெரிய கூட்டமைப்பு ஒன்றில் விளையாடுகிறவருக்கு நூற்றுக்கு 70, மேனேஜருக்கு 20, கில்டுக்கு 10 என்று இருந்தது.

அம்மாப்பேட்டையில் பிறந்தவனுக்கு இது புதிதா? முதலாளி பாவும் நூலும் கொடுப்பார், நெசவுக்காரர் வீட்டில் நெய்து சேலையைத் திருப்பிக் கொடுப்பார், சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தலைமுறை தலைமுறையாக எங்கள் தெருக்களில் ஓடுவது இதுதான். தம்பி இந்தக் கதையை அப்பாவிடம் விளக்கிச் சொன்ன நாளில் நானும் அங்கே இருந்தேன். அவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, காலை மிதியிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அறுந்த ஒரு இழையை எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பேசினார்: "எனக்குப் பாவு அவங்களுது, தறி என்னுது. கூலி கட்டலைன்னா வேற முதலாளிகிட்டப் போவேன். உனக்கு நூலும் அவனுது, தறியும் அவனுது, சேலைக்கு விலை சொல்றதும் அவன். அப்ப உன்னுதுன்னு என்னடா இருக்கு?"

நான் இரண்டு வருடம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் இரண்டு நிமிடத்தில் கேட்டுவிட்டார். கேட்டது நவம்பரில். பணம் போட்டது செப்டம்பரில்.

"என் பேர்ல" என்றால் என்ன

என்எஃப்டி என்பதை எண் போட்ட ரசீது என்று புரிந்துகொண்டால் போதும். இந்த எண் இந்த வாலட்டுக்கு, அதாவது இந்த டிஜிட்டல் பணப்பைக்குச் சொந்தம் என்று பிளாக்செயினில், பல கம்ப்யூட்டர்களில் ஒன்றாக வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில், ஒரு வரி எழுதப்படுகிறது, அந்த வரியை யாரும் அழிக்க முடியாது, அது உண்மை. ஆனால் மீன் வால் பிராணியின் படம், அது அடிக்கும் அடி, அதன் பலம், அது ஓடும் மைதானம் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. ரசீது நம்மிடம், பொருள் அவர்களிடம். அடுத்த அப்டேட்டில் மீன் வாலின் பலத்தைப் பாதியாக்கினால் ரசீதில் ஒரு எழுத்தும் மாறாது, விலை மட்டும் பாதியாகிவிடும். தம்பிக்கு நவம்பரில் இதுவே நடந்தது.

சேலத்தில் வெள்ளிக் கொலுசு தெரியாதவர் இருக்க முடியாது. கொலுசு வாங்கினால் எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), செய்கூலி என்று மூன்றும் போட்டுக் கொடுப்பார்கள். பத்து வருடம் கழித்து அந்த டிசைன் பழசாகிவிடும், செய்த பட்டறை மூடியிருக்கும், செய்கூலி போனது போனதுதான். ஆனால் உருக்கினால் வெள்ளி இருக்கும். அந்த வெள்ளிக்காகத்தான் ரசீதுக்கு மதிப்பு. விளையாட்டு நின்றுபோன ஒரு என்எஃப்டியை உருக்கினால் எதுவும் மிஞ்சாது.

இதற்கு ஊரறிந்த சாட்சி எஃப்1 டெல்டா டைம். அனிமோகா பிராண்ட்ஸ் நடத்திய கார்ப் பந்தய விளையாட்டு. 2019 மே மாதம் அதில் ஒரு காரின் என்எஃப்டி, ஈதர் என்ற கிரிப்டோ காசில் 415.9க்கு, அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு மேல், ஏலம் போனது. ஃபார்முலா ஒன் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, 2022 மார்ச்சில் விளையாட்டு மூடப்பட்டது. வைத்திருந்தவர்களுக்கு வேறொரு பந்தய விளையாட்டில் மாற்றுக் கார் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காரை அந்தப் பெயரோடு அந்தப் பந்தயத்தில் ஓட்ட இனி முடியாது. வாங்கும்போது பட்டியலில் "நிரந்தரம்" என்ற எண்ணமே விற்கப்பட்டது, உரிமம் முடியும் தேதி விற்கப்படவில்லை.

ரசீதாவது பத்திரமாக இருக்குமா என்றால், ஆக்சியின் பணத்தை ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ரோனின் பாலம் 2022 மார்ச் 23 அன்று உடைக்கப்பட்டது. 1,73,600 ஈதரும், டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி என்ற கிரிப்டோ காசில் 2.55 கோடியும் போயின, 60 கோடி டாலருக்கு மேல். பணத்தை வெளியே விட ஒன்பது சரிபார்ப்பாளர்களில் ஐந்து பேர் கையெழுத்து போதும் என்ற அமைப்பு, அதில் நான்கு ஸ்கை மேவிஸிடமே இருந்தது. ஐந்தாவதுக்கான அனுமதி, விளையாடுகிறவர்கள் கூட்டம் அதிகமிருந்த 2021 நவம்பரில் தற்காலிகமாகக் கொடுத்தது, டிசம்பரில் தேவை முடிந்தும் திரும்ப எடுக்காமல் விட்டது. திருட்டு நடந்தது தெரியவே ஆறு நாள் ஆனது, ஒருவர் பணம் எடுக்கப் போய் வராததால்தான் தெரிந்தது. வட கொரியாவின் லாசரஸ் குழு என்று எஃப்பிஐ சொன்னது. நிறுவனம் நிதி திரட்டிப் பிறகு ஈடுகட்டியது. "யார் கையிலும் அதிகாரம் இல்லாத அமைப்பு" என்று தம்பி எனக்குப் பாடம் எடுத்திருந்தான். ஐந்து கையெழுத்தில் நான்கு ஒரே வீட்டில் இருந்ததை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

விளையாடுகிறவர்கள் ஏன் முதலில் கோபப்பட்டார்கள்

2021 கடைசியில் பெரிய நிறுவனங்களும் இதில் இறங்கின. டிசம்பர் 7 அன்று யூபிசாஃப்ட் "குவார்ட்ஸ்" என்று அறிவித்தது. கோஸ்ட் ரீகன் பிரேக்பாயின்ட் விளையாட்டில் துப்பாக்கி, கால்சட்டை, ஹெல்மெட் என்று வரிசை எண் பொறித்த என்எஃப்டிகள். முதலில் இலவசமாகவே கொடுத்தார்கள். அந்த ஹெல்மெட் வேண்டுமென்றால் ஏற்கனவே 600 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும். இலவசமாகக் கொடுத்தும் ஜனங்கள் கொதித்தார்கள், அறிமுக வீடியோவைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் டிஸ்லைக் போட்டார்கள். நாலே மாதத்தில், 2022 ஏப்ரலில், அந்த விளையாட்டுக்கு இனிப் புதிதாக எதுவும் வராது என்று யூபிசாஃப்ட்டே சொல்லிவிட்டது. 2021 டிசம்பர் 15இல் ஸ்டாக்கர் 2 விளையாட்டில் என்எஃப்டி என்று அறிவித்த ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு, மறுநாளே அதைக் கைவிட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் பிளாக்செயின் விளையாட்டுகளுக்கு இடமில்லை என்று அதை நடத்தும் வால்வ் அந்த வருடம் அக்டோபரிலேயே கதவைச் சாத்தியிருந்தது. 2022 ஜூலை 20இல் மைன்கிராஃப்ட் விளையாட்டைச் செய்யும் மோஜாங் நிறுவனம், உள்ளே என்எஃப்டி கூடாது என்றது; எல்லாரும் ஒரே பொருளை அடையக்கூடிய இடத்தில் செயற்கையான தட்டுப்பாடும் சிலரை ஒதுக்குவதும் வருகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

புதுத் தொழில்நுட்பத்தைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று அப்போது முதலீட்டுக்காரர்கள் பேசினார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. விளையாடுகிறவர்கள் பதினைந்து வருடமாகப் படிப்படியாகச் சூடுபட்டவர்கள். 2006இல் ஆப்லிவியன் என்ற விளையாட்டில் குதிரைக்குக் கவசம் இரண்டரை டாலர் என்று விற்றபோது கோபப்பட்டார்கள், அன்று அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 வந்தபோது முழு விலை கொடுத்து வாங்கியவனுக்கும் டார்த் வேடர் பூட்டிக் கிடந்தார், திறக்க 60,000 கிரெடிட், விளையாடியே சேர்த்தால் பல பத்து மணி நேரம். இல்லையென்றால் லூட் பாக்ஸுக்கு, அதாவது உள்ளே என்ன வரும் என்று தெரியாத பெட்டிக்குக் காசு. எதிர்ப்பில் 15,000ஆகக் குறைத்தார்கள், வெளியீட்டுக்கு முன்பே காசுப் பகுதியை நிறுத்தினார்கள். 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் லூட் பாக்ஸ் சூதாட்டமே என்றது. 2022 டிசம்பரில் எபிக் கேம்ஸ் அமெரிக்காவில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது, அதில் 24.5 கோடி ஃபோர்ட்நைட்டில் தெரியாமல் பட்டன் அழுத்திக் காசு போனவர்களுக்குத் திருப்பித் தர. பெற்றவர்களுக்குத் தெரியாமல் பிள்ளைகள் வாங்கியதும் அதில் அடக்கம். இத்தனையும் பார்த்தவன், "இனி உன் விளையாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் மார்க்கெட் விலை இருக்கும்" என்று கேட்டால் சந்தோஷப்படுவானா?

இதை நான் கடையிலேயே பார்க்கிறேன். என்எஃப்டி போய்விட்டது, ஆனால் கிரேட் என்ற அந்தப் பெட்டியைத் திறக்கும் பழக்கம் போகவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், அம்மாவின் போனில் யூபிஐ பின் தெரியும், ஒரு துப்பாக்கித் தோலுக்காக, துப்பாக்கிக்குப் போடும் அலங்காரத்துக்காக, பெட்டியைத் திறந்துகொண்டே இருந்தான். பெட்டி திறக்கும்போது வரும் வெளிச்சம், மெதுவாகச் சுற்றி, வேண்டியதுக்கு ஒரு கட்டம் தள்ளி நிற்கும்; உடனே "இன்னொரு தடவை" பட்டன் அதே இடத்தில் கட்டைவிரலுக்கு நேராக வரும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், விளையாடும்போது இருக்கும் முகம் இல்லை அது. போனை வாங்கி வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். அந்த அக்கா ஜவ்வரிசி மில்லில் வேலை பார்ப்பவர். பாஸ்புக்கைப் பார்த்து இரண்டு வாரத்தில் 3,400 ரூபாய் என்று கண்டுபிடித்தார். அந்தத் தோல் கடைசிவரை வரவேயில்லை.

தம்பியின் பக்கமும் நியாயம் உண்டு

அவன் என்னிடம் வைத்த வாதத்தை நான் ஒதுக்கிவிட முடியாது. "நீங்க சொல்ற நல்ல விளையாட்டுலயும் தோல் வாங்கறோம், அதை விக்க முடியாது, அக்கவுண்ட்டைத் தடை பண்ணா எல்லாம் போச்சு. 2020ல பப்ஜி தடை பண்ணப்ப எவ்வளவு பேர் காசு போச்சு. இதுல விக்கவாச்சும் முடியும்ல?" சரியான கேள்வி. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடையானபோது என் கடையில் அழுத பையன்கள் உண்டு. கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பிளாக்செயின் எதுவும் இல்லாமலே வருடக்கணக்காகத் துப்பாக்கித் தோல்களை விற்கவும் வாங்கவும் செய்கிறார்கள். வாங்கியவனுக்கு ஏதோ ஒரு உரிமை வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அந்த ஆசையைத்தான் என்எஃப்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் விற்க முடியும் என்ற வசதி வந்ததும் விளையாட்டு எதைச் சுற்றி நின்றது என்று பார்த்தேன். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் தோல் இல்லாதவனும் அதே குண்டைத்தான் சுடுகிறான். தம்பியின் விளையாட்டில் ஆட்டமே விற்பனைக்காக இருந்தது, விற்பனையை எடுத்துவிட்டால் ஐந்து நிமிடம் ஆடத் தகுந்த சண்டை அதில் இல்லை. விலை விழுந்த மறு வாரமே ஆடியவர்கள் எல்லாரும் காணாமல் போனதே அதற்குச் சாட்சி. என் கடையில் பத்து வருடப் பழைய கால்பந்து விளையாட்டை இன்னும் ஆள் வைத்து ஆடுகிறார்கள், ஒரு பைசா வரும்படி இல்லாமல்.

ஏற்காட்டுப் பையன்

இந்த நிகழ்வில் பண நஷ்டத்தைவிடப் பெரிய நஷ்டம் இது, அதனால் தனியாகச் சொல்கிறேன். தம்பிக்குப் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன், ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. அக்டோபர் முதல் வாரம், அந்த 9,200 ரூபாய் வந்த சூட்டில், தம்பி அவனையும் சேர்த்துவிட்டான். 30,000 ரூபாய், லாட்ஜ் முதலாளியிடம் சம்பள முன்பணமாக வாங்கியது. சேர்த்துவிட்டதற்காகத் தம்பிக்கு ரெஃபரல் டோக்கன் வந்தது, ரூபாயாகப் பார்த்தால் 900 சொச்சம். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ராத்திரி டூட்டி முடிந்து லாட்ஜ் மொட்டை மாடியில் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆடியிருக்கிறான். அவன் சேர்ந்தபோதே விலை பாதி. மொத்தம் அவன் எடுத்தது 3,000 சொச்சம்.

பிப்ரவரியில் ஒரு நாள் இரண்டு பேரும் என் கடை வாசலில் நின்று பேசினார்கள். சண்டையெல்லாம் இல்லை. "உனக்கு வந்த ஒன்பதாயிரம் யார் காசுன்னு யோசிச்சியாடா?" என்று மட்டும் ஏற்காட்டுப் பையன் கேட்டான். தம்பி பதில் சொல்லவில்லை. செப்டம்பரில் சேர்ந்தவனுக்கு அக்டோபரில் சேர்ந்தவன் காசு, அக்டோபரில் சேர்ந்தவனுக்கு அடுத்து வருபவன் காசு. அடுத்து வருபவன் வரவில்லை. வரைபடம் போட்டு யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் என் கடையில் நூற்றுக்கணக்கான சண்டை பார்த்திருக்கிறேன், கன்ட்ரோலரைத் தூக்கி அடித்த பையன்கள் மறுநாள் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார்கள். ஆட்டத்தில் தோற்றால் நட்பு போகாது. ஒருவன் இழப்பில் இன்னொருவனுக்கு வருமானம் என்று அமைத்த ஒன்றுக்குள் அவர்களைச் சேர்த்து அடைத்ததால் போனது.

சட்டம் எங்கே நின்றது

2021 செப்டம்பரில் தம்பி பணம் போட்டபோது சட்டம் இதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ, என்எஃப்டி லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை 1 முதல் பரிமாற்றத் தொகையில் 1 சதவீதம் பிடித்தம், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. தமிழ்நாட்டில் ரம்மியில் உயிர்கள் போன பிறகு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மி, போக்கர் மீதான பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வருடம் நவம்பரில் ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்கிறது, பணமாக மாற்றக்கூடிய காயின், டோக்கன்களையும் பந்தயப் பொருளில் சேர்க்கிறது. தம்பியின் விளையாட்டு இன்று வந்தால் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆனால் ஏழாம் வகுப்புப் பையனின் பெட்டி? அதில் வெல்லும் தோலைப் பணமாக்க முடியாது என்பதால் அது வெறும் விளையாட்டாகவே வெளியே நிற்கிறது. அது எனக்குச் சம்மதமில்லை. பெட்டியில் என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுக்கும் எதையும் பதினெட்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

கடையில் நான் செய்தது கொஞ்சம்தான். யாராவது "சம்பாரிக்கலாம்" என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தால், காசே வராவிட்டால் இதை ஆடுவாயா என்று கேட்கிறேன். இரண்டாவது, உனக்கு வரும் காசை யார் கொடுக்கிறார்கள், விளம்பரக்காரனா, பார்க்க வருகிறவனா, இல்லை உனக்கு அடுத்துச் சேர்கிறவனா என்று கேட்கிறேன். மூன்றாவது தறிக்காரர் கேட்டதே. பையன்களின் போனில் யூபிஐ இருந்தால் கிரேட் விளையாட்டுகளை இங்கே திறக்கக் கூடாது என்று பலகை வைத்தேன், அதனால் சில பேர் வேறு கடைக்குப் போனார்கள், போகட்டும்.

தோட்டை 2023இல் ஆடிப் பண்டிகைக்கு முந்தின வாரம் மீட்டார்கள். கோட்டை மாரியம்மன் கோயிலில் தம்பியின் அம்மாவைப் பார்த்தபோது காதில் இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா நெய்த இரண்டு முகூர்த்தச் சேலையின் கூலியும், தம்பி கொரியர் கம்பெனியில் பார்ட் டைம் பார்த்ததும் சேர்த்துத்தான் அது வந்தது. என் 10,000 திரும்பி வந்துவிட்டது. ஏற்காட்டுப் பையனுக்கு அந்த ரெஃபரல் 900ஐ முதலில் கொடுத்தான் தம்பி, அதற்கு மேல் மாதம் 500 வீதம் அவனாகவே கொடுத்து வருகிறான், வேண்டாம் என்று சொன்ன பிறகும். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுப் பையன் கீழே இறங்கி வருகிறான். இரண்டாவது பிளேஸ்டேஷனில் பழைய கால்பந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு நூறு ரூபாய் கல்லாவில் வைத்துவிட்டு, மலைக்குக் கடைசி பஸ் கிளம்பும் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்துப் பார்த்து ஆடுகிறார்கள்.